பூட்டாமல் விட்ட தொப்பி

அத்தியாயம் 6

நூலகர் எங்கள் முன்னால் வைத்த ஆய்வேட்டில் நூற்றெண்பது பக்கங்கள் இருந்தன. அதில் நூற்றெழுபத்தாறைச் சேர்த்துக் கட்டி முத்திரை குத்தியிருந்தார்கள். 2026 வரை யாரும் பிரிக்கக் கூடாதாம். நாங்கள் படிக்கலாம் என்று விட்டிருந்தது தலைப்பு, உறுதிமொழி, சமர்ப்பணம், நன்றியுரை ஆகிய நான்கு பக்கங்கள்தான்.

"நன்றி சொல்றதுல மட்டும் ரகசியம் இல்ல போலிருக்கு," என்றேன்.

ஹார்பெக் மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடம் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்து, "இது யாருக்கும் தோன்றும்" என்று அடுத்தவர் கண்டுபிடிப்புகளைத் திருப்பி அனுப்பியவர். வேலையை விட்டபின் கெட்டிங்கன் ஊரில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் மால்ட்டெ, அவருடைய உதவியாளன். வேதியியலில் இரண்டு முறை தோற்றவன் என்பதால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் எங்கள் கட்சிக்காரர் வீப்கெ கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். பசி வேறு. நூலகத்தில் சாப்பிடக் கூடாது என்பதால் பச்சைப் பன்றிக்கறியும் வெங்காயமும் வைத்த மூன்று ரொட்டிகள் என் பையில் மணத்துக்கொண்டிருந்தன.

வீப்கெயின் பட்டறையில் பதினோரு பேர் பால் பரிசோதனைப் பட்டை செய்கிறார்கள். கன்று போட்ட பசுவுக்கு நோய் இருந்தால், அதன் பாலில் நனைத்த பட்டை நீலமாகும். நீலம் காட்டுவது ஒரு என்சைம். மாடு பீட்ரூட் தீவனம் தின்றிருந்தால் பாலில் ஒரு வேண்டாத பொருள் வந்து அந்த நீலத்தை அழித்துவிடும். நோயாளி மாடு நலமாகத் தெரியும். அந்தப் பொருளைத் தின்று தீர்க்க இன்னொரு என்சைம் உண்டு. அதைக் காவல் என்சைம் என்பார்கள். காவலை மேல் அடுக்கில் வைத்தால் பால் அதைத் தாண்டித்தான் கீழே போகவேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானுக்கு ரூன்ஹோல்ட் என்ற பெரிய கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. கண்டுபிடித்தவர், இந்த ஆய்வேட்டை எழுதிய டாக்டர் டீடெமன். 'ஞாயிற்றுக்கிழமை, காட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது, நெடிய சிந்தனைக்குப் பின், பிறர் உதவியின்றித் தோன்றியது' என்று சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுத்திருக்கிறார். காப்புரிமை நிலைத்தால் பட்டறையை மூடவேண்டியதுதான். ஆதாரம் தாக்கல் செய்ய இன்று மாலை ஆறு மணி வரை நேரம். அப்போது பதினொன்றே கால்.

"இதுல என்னங்க கண்டுபிடிப்பு?" வீப்கெ பதினைந்தாவது முறையாகக் கேட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா ஒரு தேதி வேணும், ஒரு சாட்சி வேணும்," என்றார் மேடம். "சட்டம் ஒரே ஒரு ஆளைத்தான் கேக்கும். அந்தத் துறையில ஒரு சாமானிய வல்லுநர். அவனுக்கு இது சுலபமாத் தோணியிருக்கும்னா பேட்டன்ட் செல்லாது."

"அட்ரஸ் குடுங்க மேடம், கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

"அப்படி ஒருத்தன் கிடையாதுடா. சட்டத்துல மட்டும் இருக்கான். உலகத்துல அச்சான எல்லாத்தையும் படிச்சிருப்பான். எதையும் மறக்க மாட்டான். ஆனா சொந்தமா ஒரு யோசனை வராது."

"என் மாமனார். ஹனோவர்ல இருக்கார்."

வீப்கெ அந்தக் காலையில் முதல்முறையாகச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. தேர்வுக்குப் பிறகு அச்சிட்டுச் சேர்த்த நன்றியுரையின் கடைசி வரியில் அவர் விரல் நின்றிருந்தது.

'என் ஆராய்ச்சி முழுவதையும் ஒரு தொப்பியில் அடக்கி, அதைச் சுமந்த என் கழுத்தையும் சுளுக்கவைத்த ஆய்வகத் தோழர்களுக்கு நன்றி.'

"டாக்டர் பட்டத் தேர்வு எப்போ?" என்றார் மேடம்.

"2016 மார்ச் 11, வெள்ளி," என்றேன்.

"பேட்டன்ட் மனு?"

"மார்ச் 14, திங்கள். காலையில எட்டு மணி ஏழு நிமிஷம். அலுவலகம் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னிருப்பாங்க போல."

மேடம் ஆய்வேட்டை மூடினார். "ஆய்வேட்டைப் பூட்டிட்டாங்க. தேர்வை மூடிய அறையில நடத்தினாங்க. கேட்ட ப்ரொஃபஸர் மூணு பேரும் ரகசியம் காக்கறோம்னு கையெழுத்துப் போட்டாங்க. அது முடிஞ்சதும் என்ன பண்ணினாங்க? நம்ம ஊர் வழக்கப்படி தொப்பியைத் தலையில மாட்டி, தள்ளுவண்டியில ஏத்தி, ஊர் நடுவுல இழுத்துட்டுப் போயிருக்காங்க. சந்தை நீரூற்று வரைக்கும். வாத்துக்காரப் பொண்ணு சிலைக்கு முத்தம் குடுக்க."

எனக்கு மெல்லத்தான் உறைத்தது. எங்கள் ஊரில் புது டாக்டரின் தொப்பியில் அவன் ஆராய்ச்சி மொத்தமும் பொம்மையாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் பூட்டினார்கள். தொப்பியைப் பூட்ட எவனுக்கும் தோன்றவில்லை.

"மனு போடறதுக்கு மூணு நாள் முன்னாடி நடுத்தெருவுல காட்டியாச்சு," என்றார் மேடம். "தெருவுல காட்டினது ஊர்ச் சொத்து. தொப்பி எங்கடா இருக்கும்?"

"நம்ம ஊர்ல எந்த டாக்டரும் அந்தத் தொப்பியைத் தூக்கிப் போட்டதில்ல மேடம். பொண்டாட்டி படத்தை மாட்ட இடம் இருக்காது, தொப்பிக்குத் தனி அலமாரி இருக்கும்."

*

தொப்பிக்கு அலமாரி இருந்தது. கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு. அது இருந்த இடம் ரூன்ஹோல்ட் கம்பெனியின் வரவேற்பறை.

"எங்க பெருமை இது!" என்றார் வரவேற்பறைப் பெண். நாங்கள் யார் என்று கேட்கவே இல்லை. "தாராளமா போட்டோ எடுங்க. தொடாதீங்க, அவ்வளவுதான்."

அட்டையில் செய்த ஒரு பசு. ரப்பர் கையுறையில் மடி. அதன் கீழே இரண்டு மாடி கொண்ட நீல வீடு; பால் சொட்டும் வாசல் மேல்மாடியில். வீடுதான் பட்டை. ஒவ்வொரு மாடியிலும் என்சைமின் பெயர், அளவு, வெப்பநிலை எல்லாம் சீட்டெழுதி ஒட்டியிருந்தது. ஆய்வகத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குக்கூட சீட்டு ஒட்டாமல் இருக்க முடியாது. மடியை அழுத்தினால் குட்டி பல்பு எரியுமாம். பல்பு என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் பாதுகாப்புச் சோதனை. தொப்பியின் பின்பக்கம் மின்பணியாளர் கையெழுத்திட்டு ஒட்டிய சீட்டு: 'சோதிக்கப்பட்டது, 10.3.2016.'

"தொப்பிக்குத் தகுதிச் சான்றிதழ்!" என்றேன். "மேடம், இதைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாமா?"

"இருங்க," என்றார் வீப்கெ. அவர் குரல் மாறியிருந்தது. கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்திருந்தார். "காவல் பொம்மையைப் பாருங்க."

கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட மல்லன் பொம்மை ஒன்று மார்பில் கைகட்டி நின்றது. நின்ற இடம் கீழ்மாடி, கட்டிலுக்குப் பக்கத்தில். நீலம் காட்டும் என்சைம் மேல்மாடி ஜன்னலில் நீலப் பாவாடையோடு எட்டிப் பார்த்தது.

"அடுக்கு தலைகீழா இருக்கு," என்றார் வீப்கெ. "பேட்டன்ட்ல காவல் மேல. இதுல கீழ. 'பாருங்க, எங்க ஆளுங்களுக்கே தெரியல, மாத்தி வைக்கிறதுக்கு ஒரு மேதை தேவைப்பட்டான்'னு சொல்லிடுவாங்க. இந்தத் தொப்பி அவங்களுக்குத்தான் சாட்சி."

அவர் கண்கள் கலங்கின. அந்தத் தொப்பியை உடைத்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மேடமோ எழவு வீட்டில் லாட்டரி விழுந்தவரைப்போல முகத்தை அடக்க முடியாமல் நின்றார்.

"மால்ட்டெ, வெள்ளிக்கிழமை காலையில மொத்த ஆய்வகமும் அடுக்கைத் தப்பா வச்சிருந்தது. திங்கட்கிழமை காலையில சரியா வச்சு மனு. நடுவுல என்ன நடந்தது?"

"காட்டுல நடந்தார்."

"அதுக்கு முன்னாடி சந்தையில நடந்ததுடா. அந்தப் போட்டோவைப் பாரு."

அலமாரிக்குப் பக்கத்தில் பெரிய படம். தள்ளுவண்டியில் தொப்பியோடு டீடெமன். சுற்றிலும் கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. புது டாக்டரை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அங்கே இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு மனிதர், தொப்பியை நோக்கிக் கை நீட்டி, வாயை அகலத் திறந்திருந்தார். கறுப்புச் சட்டையில் 'ஆல்ட்டெ க்ளோக்கெ – வாசல் காவல்' என்று எழுதியிருந்தது. அது கல்லூரிப் பையன்கள் போகும் பியர் கடை.

"டீடெமன் மட்டும் சிரிக்கல," என்றேன்.

"ஆமா. அவர் கேட்டுட்டு இருக்கார்."

நான் வாசலுக்கு வந்து பியர் கடைக்குப் போன் போட்டு அந்த உயரமான காவல்காரரைப் பற்றிக் கேட்டேன். "க்ரோட்டெயா? பகல்ல அவரு தோட்டத்துல இருப்பாரு," என்றார் கடைக்காரர். "இப்ப போகாதீங்க, அமைதி நேரம். செத்தீங்க."

நாங்கள் வண்டி ஏறும்போது, திறந்த கதவு வழியே வரவேற்பறைப் பெண் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "ஆமா டாக்டர், மூணு பேர். தொப்பியைவிட அந்தப் போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாங்க."

*

நகரத்தின் ஓரத்தில் வரிசையாக நாற்பது தோட்டங்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு மரக்குடில், ஒரு வேலி. நுழைவாயிலில் பலகை: 'ஒன்றிலிருந்து மூன்று வரை அமைதி நேரம்.' மணி இரண்டே முக்கால். எங்கும் சத்தமில்லை. தேனீக்கள்கூட விதியை மதித்துப் பறந்தன.

க்ரோட்டெ அவரைக்காய்க் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். மேடம் அருகில் போய்க் காதோடு விஷயத்தைச் சொன்னார்.

"அந்தத் தொப்பியா!" என்றார் க்ரோட்டெ.

அது அவருடைய மெல்லிய குரல். பக்கத்துத் தோட்டத்து ரோஜாச் செடிகள் விலகி ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. "ஷ்ஷ்ஷ்! மணி என்ன?"

"மன்னிக்கணும் பாப்பெ அம்மா," என்று க்ரோட்டெ குசுகுசுத்தார். எங்களிடம் திரும்பி, "தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. பத்து வருஷமா என்மேல புகார் எழுதறாங்க," என்றார்.

நால்வரும் கத்தரிக்காய்ப் பாத்திக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.

"அன்னிக்கு என்ன நடந்தது?" மேடம் முணுமுணுத்தார்.

"சந்தைப் பக்கம் ரொட்டி வாங்க வந்தேங்க. இவங்க வண்டி வருது. பாத்தா தொப்பியில நம்ம ஆளு. கறுப்புக் கோட்டு, கண்ணாடி, எல்லாம் சரி. ஆனா எங்க நிக்கிறான்? வீட்டுக்குள்ள! கட்டில் பக்கத்துல! ரௌடி உள்ள வந்து, கலாட்டா பண்ணி, பொண்ணு அலறினப்புறம் இவன் பிடிப்பானாம். எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. பதினாலு வருஷம் வாசல்ல நின்னவன் நான். தொழிலை இப்படியா கேவலப்படுத்துறது?"

"ஷ்ஷ்ஷ்!" என்றது ரோஜா.

"அதனால?" என்று வீப்கெ குனிந்து கேட்டார்.

"கத்தினேங்க. 'காவக்காரனைத் தூக்கி வாசல்ல நிறுத்துங்கடா, உள்ள வந்தப்புறம் என்னத்தப் பிடிக்கிறது'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. தொப்பிக்காரர் மட்டும் என்னையே வெறிச்சுப் பாத்தாரு."

வீப்கெ என் கையை இறுக்கிப் பிடித்தார். மேடம் பையிலிருந்து தாளை எடுத்தபோது வேலிக் கதவு கிறீச்சிட்டது.

டாக்டர் டீடெமன். தலையில் சைக்கிள் ஹெல்மெட், காலில் ஆய்வகச் செருப்பு, கையில் ஒரு காகிதம். மூச்சு வாங்க ஓடிவந்தவர் பலகையைப் படித்திருக்க வேண்டும். அவரும் கத்தரிப் பாத்திக்கு வந்து குத்துக்காலிட்டார்.

"திரு க்ரோட்டெ," என்று கிசுகிசுத்தார், "உங்களை எட்டு வருஷமாத் தேடிட்டிருக்கேன்."

"வாரம் அஞ்சு நாள் ஒரே வாசல்ல நிக்கிறாரே சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க ஒரு மேதை. நீங்க சொன்னதை வேற எவனாலயும் சொல்லியிருக்க முடியாது. உங்களைக் கூட்டுக் கண்டுபிடிப்பாளரா சேர்க்கறோம். வர்ற வருமானத்துல உங்களுக்குப் பங்கு. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

வெளிறிய முகத்தோடு வீப்கெ மேடத்தைப் பார்த்தார். மேடம் எடுத்த தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். சாட்சியைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. எனக்கு அப்படி ஒரு கொள்கையும் இல்லை. ஆனாலும் ஒரு காவல்காரர், முதுகுவலியோடு இரவெல்லாம் நிற்பவர், முன்னால் பணம் வந்து நிற்கிறது. வாங்காதே என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

க்ரோட்டெ காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது.

"'திரு க்ரோட்டெ அவர்கள், நெடிய சிந்தனைக்குப் பின்...'" நிறுத்தினார். "யாரு சிந்திச்சது?"

"நீங்கதான்."

"'...அபூர்வமான அறிவுக் கூர்மையால்...' எதுக்கு? காவலை வாசல்ல நிறுத்தறதுக்கா?"

"ஆமா, அதுதான் மேதைமை."

"'...டாக்டர் டீடெமனின் காதில் ரகசியமாகக் கூறினார்.'" க்ரோட்டெயின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. "நானா? ரகசியமா?"

அப்போது தேவாலயத்தில் மூன்று அடித்தது.

க்ரோட்டெ எழுந்தார். எழுந்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு நாற்பது தோட்டமும் அதிர ஒரு குரல் வந்தது.

"மூணு செகண்டு! மூணே செகண்டுதான்யா ஆச்சு! இதைச் சொல்ல நெடிய சிந்தனையா? என்னை என்ன அவ்வளவு மந்தம்னு நெனச்சியா? நேத்து வேலைக்குச் சேந்த பையனுக்குத் தெரியும்யா இது! இது தெரியாதவனை ஒரு நாள்கூட வாசல்ல நிறுத்த மாட்டாங்க! இதுக்குப் போயி மேதைன்னா... நாளைக்கு நான் செருப்பை மாத்திப் போடாம வந்தா அதுக்கும் பரிசு குடுப்பியா?"

காகிதம் கத்தரிப் பாத்தியில் போய் விழுந்தது. க்ரோட்டெ உண்மையிலேயே அவமானப்பட்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

டீடெமன் இன்னும் தோற்கவில்லை. "இவர் வாய் வார்த்தை," என்றார், இப்போது உரக்கவே. "எட்டு வருஷம் கழிச்சு யார் நம்புவாங்க? சந்தையில அப்படிக் கத்தினதுக்கு என்ன ஆதாரம்? போட்டோவுல சத்தம் கேக்குமா?"

அது உண்மைதான். மேடத்தின் முகம்கூட வாடியது. மணி மூன்று ஐந்து.

ரோஜாச் செடிகள் மீண்டும் விலகின. "கடிதம் இருக்கு," என்றார் பாப்பெ அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அவர் குடிலுக்குள் போய் ஒரு தடிமனான கோப்போடு வந்தார். முதுகில் கொட்டை எழுத்தில் 'க்ரோட்டெ' என்று இருந்தது. வேலிமேல் வைத்துப் பக்கங்களைப் புரட்டி, ஒரு நகலை மேடத்திடம் நீட்டினார். பியர் கடை உரிமையாளருக்கு 2016 மார்ச் 12 தேதியிட்டு எழுதியது. பதிவுத் தபால் ரசீது பின்னால் ஒட்டியிருந்தது. மேடம் வாசித்தார்.

"'பொருள்: தங்கள் ஊழியரின் கூச்சல். நேற்று முற்பகல் 11.40 மணிக்கு, சந்தை நீரூற்றருகே நான் முள்ளங்கி வாங்கிக்கொண்டிருக்கையில், மேற்படியார் ஒரு புது டாக்டரின் தொப்பியைச் சுட்டி, ஏறக்குறைய நூறு பேர் கேட்கும்படி, பின்வருமாறு கத்தினார்: காவக்காரனைத் தூக்கி வாசல்ல நிறுத்துங்கடா, உள்ள வந்தப்புறம் என்னத்தப் பிடிக்கிறது. தொப்பியில் கீழ்மாடியில் இருந்த காவல் பொம்மையை மேல்மாடி வாசலுக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். தொப்பியை நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரியே. எனக்கும் அதுவே தோன்றியது. ஆயினும் இதைச் சொல்ல இத்தனை சத்தம் தேவையில்லை.'"

டீடெமன் கழுத்தை நீட்டி ரசீதின் தேதியைப் பார்த்தார்.

"'எனக்கும் அதுவே தோன்றியது,'" என்று மேடம் அந்த வரியை இன்னொரு முறை, ருசித்துப் படித்தார். பிறகு டீடெமன் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "டாக்டர், இதை நான் ஆறு மணிக்குள்ள அனுப்பிடுவேன். அப்புறம் அவங்க கேக்கப்போற முதல் கேள்வி தொப்பியைப் பத்தி இருக்காது. காட்டுல தனியா நடந்தப்போ யார் உதவியும் இல்லாம தோணுச்சுன்னு நீங்க சத்தியம் பண்ணிக் குடுத்ததைப் பத்தி இருக்கும்."

டீடெமன் ஹெல்மெட்டைக் கழற்றினார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் குறையவில்லை. ஆனால் அந்த வழுக்கைத் தலையைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. மூன்று நொடியில் வாங்கியதை எட்டு வருடம் சுமந்தவர்.

அவர் போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டார். "விசாரணை வேண்டாம். பேட்டன்ட்டை நாமளே விட்டுடறோம்னு எழுதிக் குடுத்துடுங்க... ஆமா, இன்னிக்கே... காரணமா? நேர்ல சொல்றேன்." பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏறாமலே நடந்து போனார்.

க்ரோட்டெ குச்சியைக் கையில் எடுத்தபடி கேட்டார். "இப்ப அது யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்ல," என்றார் மேடம். "யார் வேணும்னாலும் செய்யலாம். உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, க்ரோட்டெ. மறைக்க விரும்பல."

க்ரோட்டெ கொஞ்சம் யோசித்தார். "இந்த அம்மா கடையில வேலை செய்யறவங்க எத்தனை பேரு?"

"பதினோரு பேர்," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் அவரைக்காய்க் கொடி பக்கம் திரும்பினார்.

வீப்கெ வேலியோரம் போய்ப் பட்டறைக்குப் போன் போட்டார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். இயந்திரத்தின் கடகடவென்ற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. வீப்கெ வேலியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா? நிறுத்திடவா?" என்றது அந்தக் குரல். "சொல்லுங்கம்மா, நிறுத்திடவா? எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்."

வீப்கெ கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடட்டும்," என்றார்.